மரத்தின்மேல் ஒரு குடித்தனம்

ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், முந்திய இரவு வீசிய பெருங்காற்றில் முறிந்து விழுந்த மாங்கிளையைச் சூழ்ந்துகொண்டு ஊர்ப்பிள்ளைகள் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு வைகாசிக் காலையில்தான், பின்னால் பல ஆண்டுகள் என் வீட்டில் குடியிருக்கப்போகிற ஒரு ஜீவனை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். கிளையின் கவட்டில், இரு வரிசையாக அடுக்கிவைத்தாற்போன்ற தடித்த இலைகளும், பென்சில் பருமனில் வெள்ளை வெளேரென்று பட்டையைத் தழுவியும் காற்றில் தொங்கியும் கிடந்த வேர்களுமாக அது ஒட்டிக்கொண்டிருந்தது. பூ ஒன்றும் இல்லை, உலர்ந்த பழைய பூங்காம்பு மட்டும் ஒரு குச்சியைப்போல் நீட்டிக்கொண்டிருந்தது. தோப்புக்கு உரியவரான பெரியவர் அதைக் கைத்தடியால் தட்டிக் காட்டி, "புல்லுருவிங்க, மரத்தோட சத்தையெல்லாம் உறிஞ்சிப்புடும். இது ஏறினதாலதான் கிளை போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு அந்தத் தீர்ப்பில் சந்தேகம் இருந்தது. ஆனால் மறுத்துச் சொல்லத்தக்க ஆதாரம் ஒன்றும் அப்போது என் கையில் இல்லை. எப்படியும் அடுப்புக்குப் போகப்போகிற கிளைதானே என்று அவருடைய அனுமதியைப் பெற்று, செடியைப் பட்டையோடு செதுக்கியெடுத்து, ஈரத்துணியில் சுற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன்.

அந்தப் பெரியவரோடு இன்று வாதிக்க நேர்ந்தால் புத்தகத்தைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. ஒரு பேனாக்கத்தி போதும். புல்லுருவியின் விதை பறவையின் அலகிலிருந்தோ எச்சத்திலிருந்தோ கிளைமேல் ஒட்டி முளைத்ததும், பட்டையைத் துளைத்துக்கொண்டு மரத்தின் நீர்க்குழாய்கள் வரையில் ஓர் உறிஞ்சுவேரைச் செலுத்திவிடும். அது பற்றிய இடத்தில் கிளை கழலைபோல் வீங்கியிருக்கும். இரண்டையும் பிரிக்க முயன்றால் மரச்சதை பிய்ந்துகொண்டுதான் வரும். நம்முடைய செடியின் வேருக்கும் பட்டைக்கும் நடுவே கத்தியைச் செலுத்தினாலோ, சுவரில் ஒட்டிய காகிதம் உரிவதுபோல் வேர் உரிந்துவருமேயன்றி, மரத்தின் உள்ளே அதற்கு ஒரு நூலிழை அளவு தொடர்பும் இருப்பதைக் காணமுடியாது. அது வாடகை கொடாத குடித்தனக்காரர்தான். ஆனால் வீட்டுக்காரரின் அடுக்களையில் ஒருநாளும் கைவைக்காத குடித்தனக்காரர். அதற்கு வேண்டியவையெல்லாம் வெளிச்சமும், காற்றும், மழையும், பட்டையின்மேல் படியும் தூசியும், பறவை எச்சமும், உளுத்த இலைத்தூளுமே. தாவர சாஸ்திரம் இத்தகைய செடிகளை ஒட்டுண்ணிகளிலிருந்து வேறு பிரித்துத் தொற்றுத் தாவரங்கள் என்கிறது. ஆர்க்கிட் குடும்பத்தின் ஏறக்குறைய இருபத்தெட்டாயிரம் இனங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

பெரியவர் சுமத்திய குற்றச்சாட்டு இச்செடியின் பெயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிற்பாடு நூல்களைப் புரட்டியபோது அறிந்து எனக்குச் சிரிப்பு வந்தது. வடமொழியில் 'வந்தா' என்பது, மரத்தின்மேல் ஏறி வாழும் செடிகளை, உறிஞ்சுவது எது உறிஞ்சாதது எது என்று பேதம் பாராட்டாமல் குறிக்கும் சொல். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் தம் தாவரக் குறிப்புக்களில் அச்சொல்லை எடுத்தாண்டார்; அவர் 1794-ல் காலமானபின், மறு ஆண்டில் அக்குறிப்புக்கள் வெளிவந்தன. அதே 1795-ல், சென்னைக்கு உதவி வைத்தியராக வந்து, வடசர்க்கார் பிரதேசத்துச் சாமல்கோட்டையில் தோட்டம் அமைத்துச் செடிகளை ஆராய்ந்து, நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரைவித்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்பவரின் 'சோழமண்டலக் கரையின் தாவரங்கள்' என்னும் பெருநூலின் முதற்பகுதி லண்டனில் அச்சாயிற்று. அதில் இச்செடியின் படமும் வருணனையும் இருந்தன. இதழ்களில் சதுரம் சதுரமாகக் கல் பாவினாற்போல் ஓடும் கோடுகளைக் கண்டு, கட்டம் போட்டது என்னும் பொருளுள்ள 'டெசலேட்டம்' என்னும் லத்தீன் அடைமொழியை ராக்ஸ்பர்க் இதற்குச் சூட்டினார். 1820-ல் ராபர்ட் பிரவுன், வந்தா என்னும் வடசொல்லையே 'வாண்டா' என்று ஒரு பேரினத்தின் பெயராக்கி, அப்பேரினத்துக்கு ஆதாரமாக இந்தச் செடியையே வைத்தார். இன்று பாங்காக்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விமானமேறிவந்து கல்யாண மண்டபங்களை அலங்கரிக்கும் பெரிய நீல வாண்டாக்களெல்லாம், குடும்பப் பெயரைப் பொறுத்த அளவில், சோழமண்டலக் கரையின் மரக்கிளையில் யாரும் ஏறிட்டுப் பாராமல் கிடந்த வாண்டா டெசலேட்டாவுக்குக் கடன்பட்டவை.

பெயர்களை நம்பி மாத்திரம் ஒரு செடியை அடையாளம் காணமுடியாது என்பதற்கு வைத்திய நூல்களில் வேறு ஒரு சாட்சியம் உண்டு. ஆயுர்வேதத்தில் வாத நோய்களுக்குச் சொல்லப்படும் ராஸ்னா என்னும் வேர், வங்கத்து வைத்தியர்களின் கையில் இந்த வாண்டாவின் வேராக இருந்தது. தெற்கே அதே ராஸ்னா நம்முடைய அரத்தையாகிவிட்டது. வடமேற்கே அது இவ்விரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஒரு செடி. மலையாளத்தார் மரத்தொற்றிகளை மரவாழை என்று அழகாகச் சொல்கிறார்கள். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலில், எந்த மரத்தின்மேல் கண்டதோ அந்த மரத்தின் பெயரையும் சேர்த்துக் காஞ்சிர மரவாழை, ஆஞ்சிலி மரவாழை என்று அவற்றைப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆளைச் சொல்லாமல் வீட்டிலக்கத்தைச் சொல்லும் முறைதான் இது. ஆனாலும் செடி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கவனித்த அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். வளர்ப்பவனுக்கு மிகுதியும் உதவுவது அந்தக் கண்தான்.

பூவில்லாத செடியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நான் அடையாளம் தேடிய விதத்தைச் சொல்கிறேன். ஆர்க்கிடுகளில் கிடையாகப் படர்ந்து புதுப்புதுத் தண்டுகளை விட்டு, அடியில் நீரைச் சேமிக்கும் பருத்த தண்டுகளோடு வளர்பவை ஒரு வகை; ஒரே நுனிக்குருத்தைக் கொண்டு ஆண்டாண்டாக உயர்ந்துகொண்டே போய், பக்கவாட்டில் வேரையும் பூங்காம்பையும் விடுபவை மற்றொரு வகை. என் செடியில் பருத்த தண்டு இல்லை. எனவே இரண்டாம் வகை. இலை உருண்டு குச்சிபோல் இருந்திருந்தால் லூயிசியா என்று முடிவு கட்டியிருக்கலாம், அப்படியும் இல்லை. ஒரு சாண் நீளத்துக்குக் குறைவாக, இரண்டு விரற்கடைக்கு மேற்படாத அகலத்தில், நடுநரம்பில் மடித்த ஓலைபோல் வாய்க்காலாகக் குழிந்து, வெளிப்புறம் வளைந்திருந்த அந்த இலையின் நுனியை உருப்பெருக்காடியால் பார்த்தபோது, எலி கடித்ததுபோல் ஒழுங்கற்ற இரண்டு மூன்று கூரிய பற்கள் தெரிந்தன.

இந்த இடத்தில் ஏமாறாதவர் அரிது. நம் மலையடிவாரங்களில் இதே மரங்களில், பல வேளைகளில் இதே கிளையில், அகாம்பே பிரேமோர்சா என்னும் வேறோர் ஆர்க்கிடும் வாழ்கிறது. அதையும் ராக்ஸ்பர்க் அதே நூலில் வருணித்திருக்கிறார். அதன் பெயருக்கே நுனி கடிபட்டது என்றுதான் பொருள். ஆனால் அதன் இலை அகன்று, செருப்புத் தோல்போல் விறைத்து, நுனி இரண்டு மழுங்கிய மடல்களாகப் பிளந்திருக்கும். பூக்களோ ஓர் அங்குலத்துக்கும் மிகச் சிறியவை, மஞ்சளில் சிவப்புக் கீற்றிட்டுக் கொத்தாக நெருங்கி உட்கார்ந்திருப்பவை. வாண்டா டெஸ்டேசியா என்னும் சிறிய உறவினரைப் பிரித்தறிவது இதைக் காட்டிலும் கடினம். அதன் இலை சற்றே ஒடுங்கியது என்பதைத் தவிரப் பூக்காத காலத்தில் உறுதியான வேறுபாடு ஒன்றும் காட்டமுடியாது. இலையையும் வேரையும் கொண்டு தெருவைக் கண்டுபிடிக்கலாம், வீட்டைக் கண்டுபிடிக்கப் பூ வரும்வரை பொறுக்கவேண்டும். நான் பொறுத்தது மூன்று கோடைகள்.

அந்த மூன்று கோடைகளும் வீணாகவில்லை. அவற்றில்தான் வேரைப் படிக்கக் கற்றேன். உலர்ந்திருக்கும்போது சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளியாய் இருக்கும் வேரின்மேல் தண்ணீர் பட்டதும், கண்ணெதிரே அது பச்சையாகிவிடுவதைப் பார்த்து முதன்முதலில் திடுக்கிட்டேன். வேரின் வெளிப்புறத்தை இறந்துபோன உயிரணுக்களால் ஆன பஞ்சுபோன்ற உறை ஒன்று பல அடுக்காகப் போர்த்தியிருக்கிறது. உலர்ந்த காலத்தில் அவ்வணுக்களில் காற்று நிறைந்திருப்பதால் ஒளி சிதறி வெண்மை தோன்றுகிறது. தண்ணீர் புகுந்ததும் உறை கண்ணாடிபோலாகி, உள்ளே இருக்கும் பச்சையம் வெளித்தெரிகிறது. இந்த வேருக்குள் பச்சையம் இருப்பதால், வேர் தானும் ஓரளவு சமைத்துக்கொள்ளும் என்பது இலைகளுக்கு மட்டுமே அடுப்பு உண்டு என்று பள்ளியில் படித்தவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். கிளையின்மீது மழை விழும்போது முதலில் வழியும் நீரில்தான் தூசியும் உப்பும் அதிகம் கரைந்திருக்கும். பின்னால் கொட்டும் நீர் வெறும் நீரே. அந்த முதல் நீரை நொடிப்பொழுதில் வாங்கிவைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக உள்ளே இழுத்துக்கொள்வதற்காகவே இந்தப் பஞ்சுறை அமைந்திருக்கிறது. வாங்கியபின் அது காற்றில் உலர்ந்தாக வேண்டும். ஓயாது நனைந்திருந்தால் காற்றில்லாமல் உள்வேர் மூச்சுத்திணறி அழுகும். நனைவதும் காய்வதும் மாறிமாறி நிகழ்வதுதான் இதன் ஜீவிதம்.

இலையின் இரகசியம் இன்னும் நுட்பமானது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்துவைத்துக் கரியமில வாயுவை வாங்கும். வாங்கும்போது நீராவியை இழக்கும். வேரின் கீழே மண்ணில்லாத நம் குடித்தனக்காரருக்கு அந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகாது. எனவே அது பகலெல்லாம் கதவடைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் துளைகளைத் திறந்து, வாங்கிய வாயுவை ஒரு புளிப்பு அமிலமாக இலையில் சேர்த்துவைத்து, விடிந்தபின் வெயிலைக் கொண்டு அதைச் சர்க்கரையாக்குகிறது. இவ்விஷயத்தின் முதல் சுவடுகளில் ஒன்று நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ராக்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு மாற்றலாகிச் சென்றபின் சாமல்கோட்டைத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற பெஞ்சமின் ஹெய்னே, ரணகள்ளியின் இலையை விடியற்காலையில் மென்றால் புளிப்பதையும், நண்பகலுக்குள் அந்தப் புளிப்பு மறைந்துவிடுவதையும் கவனித்து எழுதி அனுப்பிய கடிதம் 1815-ல் லண்டனில் அச்சாயிற்று. நாவையே பரிசோதனைக் கருவியாக்கிய அந்த மனிதர் கண்டதன் முழுப்பொருள் விளங்குவதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. வளர்ப்பவர் அறியவேண்டியது இவ்வளவே: இந்தச் செடி இரவில் மூச்சுவிடுவது, சன்னல் சாத்திய அறையிலும், குளிர்சாதனம் ஈரத்தை உறிஞ்சிவிடும் கூடத்திலும் அது மெல்ல மெல்லச் சாகும்.

இனி வளர்ப்பு முறை. கொண்டுவந்த செடியின் அடியில், தனக்கென்று வேர்களை உடைய ஒரு கிளைக்குருத்து இருந்தது; அதை அறுத்துப் பிரித்து இரண்டாக்கினேன். பார்க்க வந்த உறவினர்கள், மண்ணில்லாமல் எந்தச் செடி பிழைக்கும் என்று ஒருமுகமாகக் கேட்கவே, ஒன்றைச் செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பிய தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் பிள்ளையை வளர்ப்பதுபோல் தண்ணீர் ஊற்றினேன். நாற்பது நாளில் அதன் வேர்கள் கறுத்துக் கூழாயின. குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில், வெப்பநாட்டு ஆர்க்கிடுகள் என்றால் வேகவேண்டியவை என்று எண்ணிக்கொண்டு, தோல் பதனிட்டு எஞ்சிய பட்டைச் சக்கையில் தொட்டிகளைப் புதைத்து, ஜன்னலைத் திறவாமல் புழுக்கி ஆயிரக்கணக்கில் கொன்ற தோட்டக்காரர்களின் சரித்திரத்தைப் பின்னர் படித்தபோது, அவர்களை நகைக்க எனக்கு அருகதை இல்லை என்று உணர்ந்தேன்.

மற்றொன்றை, ஒரு மாங்கிளைத் துண்டில் வாழைநாரால் கட்டித் தாழ்வாரத்தின் கிழக்கு ஓரத்தில் தொங்கவிட்டிருந்தேன், அதுதான் பிழைத்தது. கிளைத்துண்டு கிடைக்காதவர்கள், இடைவெளி விட்டுச் சட்டங்களை அடித்த மரக்கூடையில், நெல்லிக்காய் அளவு மரக்கரித் துண்டுகளையும் ஓட்டுச் சில்லுகளையும் நாலைந்து இட்டு, செடி ஆடாமல் நிற்கும் அளவுக்குக் கட்டிவைத்தால் போதும். கூடை காலியாக இருப்பதைக் கண்டு மனம் பொறாமல் தென்னைநார்த் தூளைக் கொண்டு நிரப்புவது அன்பினால் செய்யும் கொலை. வீட்டில் மரம் உள்ளவர்கள் நேரே மரத்தில் கட்டலாம். மா, நாவல், பூவரசு எல்லாம் நல்லவை. பட்டையை உரித்துக்கொண்டே இருக்கும் கொய்யாவும் யூகலிப்டஸும் ஆகா. கட்டுவதற்கு ஏற்ற காலம், புதுவேர் எழும்பும் கோடைமழைப் பருவம். வாழைநார் இற்றுப்போவதற்குள் வேர் தானாகவே பற்றிக்கொண்டுவிடும். பற்றிய வேரை ஒருபோதும் பிரித்து இடம் மாற்றக்கூடாது.

வெளிச்சம் போதுமா என்பதை இலையே சொல்லும். கண்ணுக்குக் குளிர்ச்சியான கரும்பச்சை நிறம் ஆரோக்கியத்தின் அறிகுறியன்று. நிழல் மிகுந்துவிட்டது, இச்செடி பூக்காது என்பதற்கு அறிகுறி. மஞ்சள் கலந்த பச்சையாய், ஓரத்தில் சற்றே செந்நிறம் ஓடியிருந்தால் இடம் சரி. வெள்ளையாக வெளுத்துப் பிறகு கறுக்கும் திட்டு, வெயில் சுட்ட காயம். காலை பத்து மணி வரை நேர்வெயிலும், பிறகு இலைகளினூடே வடிகட்டிய வெயிலும் என் செடிக்கு ஒத்துக்கொண்டன. தண்ணீரைக் காலையில், வேர் முழுதும் பச்சையாகும் வரை தெளித்து, மீண்டும் வெள்ளியாகும் வரை தொடாமல் விடவேண்டும். சித்திரை வெயிலில் ஒரே நாளில் இரண்டு தடவை தேவைப்படும், மார்கழியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவையே போதும். சென்னையின் உப்புக் கிணற்றுநீர் வேர்நுனியைக் கருக்கிவிடும் என்பதை அனுபவித்தபின், மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைத்துக்கொள்கிறேன். உரம் என்பது கடையில் விற்கும் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் கண்ட அளவில் கால்பங்காக்கி, வேர்நுனி பச்சையாய் ஓடிக்கொண்டிருக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை தெளிப்பதோடு சரி.

அபாயகாலம் ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழையில் நாட்கணக்காகக் காயாமல், குருத்தின் இலைக்கவட்டில் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகும். ஒற்றைக் குருத்தையே நம்பி வாழும் இதற்கு அது தலைபோன கதை, பக்கத்தில் ஏதாவது ஒரு முளை எழும்பினால்தான் உண்டு. மரத்தில் செடிகள் நிமிர்ந்து நில்லாமல் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் சாய்த்தே கட்டியிருக்கிறேன். இலையடியில் ஒண்டும் செதில் பூச்சிகளையும் மாவுப்பூச்சிகளையும் வேப்பெண்ணெய்ச் சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். நத்தைதான் கெட்டது, ஓர் இரவில் ஒரு பருவத்தின் வேர்நுனிகளையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

மூன்றாம் கோடையில், இலைக்கவட்டிலிருந்து வேர் என்று நான் நினைத்த ஒன்று மேல்நோக்கி வளைந்தது. வேரின் நுனி வழவழப்பாக இருக்கும். பூங்காம்பின் நுனியில் சிறு செதில்கள் இருக்கும். ஆறேழு மொட்டுக்கள் விட்டு, ஒவ்வொரு மொட்டும் தன் காம்பைத் தானே முறுக்கி அரைவட்டம் திரும்பிக்கொண்டு, உதடு என்று சொல்லப்படும் இதழ் அடிப்புறம் வரும்படி விரிந்தது. ஏறக்குறைய இரண்டு அங்குல அகலம், வெளிப்புறம் வெள்ளை, உட்புறம் பழுப்பேறிய பசுமஞ்சள், அதன்மேல் ஓரங்கள் நெளியும் ஐந்து இதழ்களிலும் பழுப்பு நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, தாயக்கட்டம் வரைந்ததுபோல் இருந்தன, உதடு நல்ல ஊதா. செடிக்குச் செடி நிறம் மாறும்; ஒன்றில் பச்சை தூக்கும், ஒன்றில் சாம்பல் நீலம். ஆனால் அந்தக் கட்டமும் ஊதா உதடும் மாறுவதில்லை. ராக்ஸ்பர்க்கின் ஓவியர் வரைந்த படத்தின் அச்சுப்பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், சந்தேகம் தீர்ந்தது. பகல் ஏற ஏற மணம் மிகும் அந்தப் பூக்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வாடாமல் இருந்தன. என்னைப்போல் மூன்று வருஷம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்திவரும் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் பூக்கும் பருவத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அப்படிப் போகிறவர்கள் காட்டிலிருந்து ஒன்றைப் பறித்துவர நினைக்கக்கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் நீல வாண்டா இடம்பெற்றிருக்கிறது, சர்வதேச வியாபாரத்தில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆனால் விதையிலிருந்து ஒரு செடி உண்டாவது எத்தனை அருமை என்று தெரிந்தவருக்குச் சட்டம் வேண்டியதில்லை. பிரேசிலில் ஓர் ஆர்க்கிடின் ஒற்றைக் காயில் பதினேழு லட்சத்துக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும் என்று பிரிட்ஸ் முல்லர் மதிப்பிட்டதை டார்வின் எடுத்தெழுதியிருக்கிறார். அத்தனையும் தூசி, கட்டுச்சோறு என்று ஒரு பருக்கைகூட அந்த விதைகளில் இல்லை. பூஞ்சை ஒன்று வந்து உள்ளே புகுந்து ஊட்டினாலன்றி அவை முளைப்பதில்லை என்று 1899-ல் பிரான்சில் நோயல் பெர்னார் கண்டார். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த கூழிலேயே அவற்றை முளைக்கவைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று நாற்றங்கால்களில் நியாயமான விலைக்குச் செடி கிடைப்பது நட்சனின் புட்டிகளால்தான்.

என் செடியின் பூக்களில் ஒன்று, எந்த வண்டின் உதவியாலோ, காய்த்தது. விலாவெலும்புகள்போல் வரிகளையுடைய அந்தக் காய் மாதக்கணக்கில் பச்சையாகவே இருந்து, ஒரு நாள் காலை நான் தண்ணீர் தெளிக்கப் போனபோது நீளவாக்கில் வெடித்திருந்தது. விரலால் தட்டினேன், மஞ்சள் நிறப் புகைபோல் ஏதோ எழுந்து, கிழக்குக் காற்றோடு சேர்ந்து மதிற்சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு மாமரத்தின் பக்கம் போயிற்று. அவ்வீட்டம்மாளிடம் சொல்லிக்கொண்டு, மழைக்குப் பிறகு உருப்பெருக்காடியோடு அந்தப் பட்டையின் வெடிப்புக்களைப் பார்த்துவருகிறேன். பாசியும் எறும்பும் இருக்கின்றன. பச்சையாய் ஒரு புள்ளியை இதுவரை காணவில்லை.